உயிரின் எழுத்துகளைச் சேர்த்த மார்கரெட்!

குட்டீஸ்... சிதம்பரம் நடராஜர் கோவிலைப் பற்றி ஒரு பழைய செய்தி சொல்வார்கள். தாத்தா, பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். தேவாரப் பாடல்கள் எழுதப்பட்ட ஓலைச்சுவடிகள், அந்தக் கோவிலில் ஓர் அறைக்குள் பூட்டிக் கிடந்தனவாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், ராஜராஜ சோழன், நம்பியாண்டார் நம்பியின் துணையோடு அந்த அறையைத் திறக்கச் செய்தபோது, பெரும்பகுதியைக் கரையான் அரித்துவிட்டிருந்ததாம். மிஞ்சியதைத்தான் இன்று நாம் பாடுகிறோம் என்பார்கள்.

எவ்வளவு அரிய பாட்டாக இருந்தாலும், எடுத்துப் படிக்க முடியாதபடி பூட்டி வைத்தால் இதுதான் கதி. பாட்டுக்கு மட்டுமல்ல, அறிவியலுக்கும் இது பொருந்தும்!

சிதம்பரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது புவனகிரி. அந்த ஊரைத் தொட்டுக்கொண்டு ஓடும் வெள்ளாறு, பரங்கிப்பேட்டையில் போய் வங்கக் கடலில் கலக்கிறது. அங்கே ஆற்றங்கரையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. நீங்கள் குழம்பில் ருசிக்கும் நெத்திலி, கீச்சான் போன்ற மீன்களை எடுத்து, அவற்றின் மரபணுவில் ஒரு சிறு பகுதியை எழுத்து எழுத்தாகப் படித்திருக்கிறார்கள் அங்குள்ள விஞ்ஞானிகள்.

இப்படிப் படித்த எழுத்துகளை எங்கே வைக்கிறார்கள் தெரியுமா? பீரோவில் பூட்டி வைப்பதில்லை. உலகத்தில் யார் வேண்டுமானாலும், காசு கொடுக்காமல், கம்ப்யூட்டரில் எடுத்துப் பார்க்கக்கூடிய பொதுக் களஞ்சியத்தில் சேர்த்துவிடுகிறார்கள். ஜப்பானில் இருக்கும் மாணவர் அதைப் பார்க்கலாம், நீங்களும் பார்க்கலாம்!

இப்படி ஒரு களஞ்சியத்துக்கு வழிகாட்டியவர் ஒரு பெண். பெயர், மார்கரெட் டேஹாஃப். அவரது கதையைத்தான் இந்த வாரம் தெரிந்துகொள்ளப் போகிறீர்கள்.

கணக்கில் புலி!

அமெரிக்காவில், பிலடெல்ஃபியா நகரில், 1925-ம் ஆண்டு மார்ச் 11-ம் தேதி பிறந்தார் மார்கரெட் ஓக்லி. வீட்டுக்கு ஒரே பிள்ளை. அம்மா, பள்ளியில் கணக்கு டீச்சர். அப்பா, சிறு வியாபாரி. மார்கரெட்டுக்குப் 10 வயதானபோது, குடும்பம் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தது.

அம்மாவைப் போலவே மகளுக்கும் கணக்கு என்றால் உயிர். 1942-ல் பள்ளிப் படிப்பை முடித்தபோது, வகுப்பிலேயே முதல் மாணவி. உதவித்தொகை கிடைத்தது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கணக்குப் பாடம் எடுத்து, 1945-ல் பட்டம் பெற்றார்.

அடுத்து, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆராய்ச்சி. அந்தக் காலத்தில் இன்று போல மேஜைக் கம்ப்யூட்டர் கிடையாது. தடித்த அட்டைகளில் துளை போட்டு, அந்த அட்டைகளை ஓர் இயந்திரத்துக்குள் செலுத்திக் கணக்குப் போடுவார்கள். பெரிய நிறுவனங்களில், வரவு செலவு பார்க்கத்தான் அந்த இயந்திரத்தைப் பயன்படுத்தி வந்தனர். இதை வைத்து மூலக்கூறுகளின் ஆற்றலைக் கணக்கிட்டால் என்ன என்று யோசித்தார் மார்கரெட், செய்தும் காட்டினார். 1948-ல், 23 வயதில், டாக்டர் பட்டம் வாங்கினார்.

அதே ஆண்டில், இயற்பியல் விஞ்ஞானியான எட்வர்ட் டேஹாஃப் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன. குழந்தைகளைக் கவனிப்பதற்காகச் சில ஆண்டுகள் வேலையிலிருந்து விலகி இருந்தார். அதற்குக் கொடுத்த விலை கொஞ்சமல்ல. பின்னாளில், ஆராய்ச்சிக்குப் பண உதவி கேட்டு அவர் அனுப்பிய விண்ணப்பம் ஒன்று, சில ஆண்டுகளாக இந்தத் துறையில் நெருக்கமாக இல்லாதவர் என்ற காரணத்தால் மறுக்கப்பட்டது.

மனம் தளர்ந்து உட்கார்ந்துவிடவில்லை மார்கரெட். 1960-ல், வாஷிங்டன் நகருக்கு அருகே இருந்த தேசிய உயிர்மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். அதைத் தொடங்கிய ராபர்ட் லெட்லி, மருத்துவத்துக்கும் உயிரியலுக்கும் கம்ப்யூட்டரைப் பயன்படுத்த வேண்டும் என்று பாடுபட்டவர். கணக்கும் வேதியியலும் தெரிந்த மார்கரெட்டுக்குப் பொருத்தமான இடம்தானே!

உடம்புக்குள் ஒரு மொழி!

மார்கரெட் செய்த வேலை புரிய வேண்டுமானால், ஒரு சின்ன பாடம் படிக்க வேண்டும். பயப்படாதீர்கள், பரீட்சை கிடையாது!

தமிழில் உயிரெழுத்து 12, மெய்யெழுத்து 18. இவற்றைச் சேர்த்துச் சேர்த்துத்தானே எல்லாச் சொற்களையும் எழுதுகிறோம்? நம் உடம்பிலும் இப்படி ஒரு மொழி இருக்கிறது. நம் உடம்பின் வேலைகளில் பெரும்பாலானவற்றைச் செய்வது, புரதங்கள். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்வது ஒரு புரதம். சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் இன்சுலின் ஒரு புரதம். ஒவ்வொரு புரதமும், அமினோ அமிலம் என்ற மணிகளைக் கோத்த மாலை போன்றது. மணிகளில் 20 வகை உண்டு. எந்த மணிக்குப் பின் எந்த மணி வருகிறது என்பதைப் பொறுத்துத்தான், புரதத்தின் வேலை அமையும்.

மணிகளை எந்த வரிசையில் கோக்க வேண்டும் என்ற குறிப்பு, டி.என்.ஏ.,வில் இருக்கிறது. அதன் மொழியில் நான்கே எழுத்துகள்தான்!

இன்சுலினில் மொத்தம் 51 மணிகள். அவற்றின் வரிசையை முழுமையாகக் கண்டுபிடித்தவர், இங்கிலாந்து விஞ்ஞானி ஃபிரெடரிக் சாங்கர். பத்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, 1955-ல் முடித்தார். அதற்காக 1958-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஐம்பத்தோரு மணிக்கே இத்தனை உழைப்பு!

புவனகிரி புதிர்!

ஏன் அவ்வளவு காலம் ஆயிற்று? அந்த நாளில், முழுப் புரதத்தையும் அப்படியே படிக்க முடியாது. துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனியே படித்து, பிறகு ஒட்ட வேண்டும். எந்தத் துண்டு முன்னால், எந்தத் துண்டு பின்னால் என்று தெரியாது. ஒரு புதிர் போலத்தான்.

நீங்களே செய்து பாருங்கள். ஓர் ஊரின் பெயரை ஒரு முறை வெட்டியபோது, கிடைத்த துண்டுகள், ரி, புவ, னகி. அதே பெயரை வேறு இடங்களில் வெட்டியபோது கிடைத்தவை, கிரி, பு, வன. ஊர் எது?

இரண்டாவது வெட்டில், 'வன' என்று ஒரு துண்டு இருக்கிறது. அப்படியானால் 'வ'வுக்குப் பின் 'ன' வர வேண்டும். 'புவ'வுக்கு அடுத்தது 'னகி'. 'கிரி' என்ற துண்டு, 'கி'க்குப் பின் 'ரி' என்று காட்டிக் கொடுக்கிறது. சேர்த்தால்... புவனகிரி!

ஐந்து எழுத்துக்கு இது விளையாட்டு. நூறு, இருநூறு எழுத்துகள் என்றால், தலை சுற்றிவிடும். இந்த வேலையைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்தனர் மார்கரெட்டும் லெட்லியும். துண்டுகளைக் கொடுத்தால், பொருத்திப் பார்த்து முழு வரிசையைச் சொல்லும் புரோகிராம் ஒன்றை எழுதி, 1962-ல் வெளியிட்டனர். அதன் பெயர், காம்புரோட்டின். அது ஓடிய ஐ.பி.எம்., 7090 என்ற கம்ப்யூட்டர், ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும். ஆனால், மனிதர்கள் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ளும் புதிரை, சில நிமிடங்களில் முடித்துவிடும்.

அறுபத்தைந்து புரதங்கள்!

புதிரை விடுவித்தால் போதுமா? விடைகளைச் சேர்த்து வைக்க வேண்டாமா? ஒரு புரதத்தின் வரிசை, இங்கிலாந்து இதழில் வரும்; இன்னொன்று, அமெரிக்க இதழில் வரும். எல்லாவற்றையும் தேடிப் படித்தால்தான், ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியும்.

அந்தப் பொறுமையான வேலையைக் கையில் எடுத்தார் மார்கரெட். இதழ்களைப் புரட்டி, ஒவ்வொரு வரிசையையும் எடுத்து, சரிபார்த்து, அட்டைகளில் துளையிட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றச் செய்தார். 1965-ல், அதுவரை கண்டுபிடிக்கப்பட்ட 65 புரதங்களின் வரிசைகளை ஒன்றாகத் திரட்டி, ஒரு புத்தகமாக வெளியிட்டார். நாடுகளின் படங்கள் அடங்கிய புத்தகத்தை, 'அட்லஸ்' என்போமே... அதைப் போல, இது புரதங்களின் அட்லஸ்!

சேர்ப்பது வெறும் எழுத்தர் வேலை; புதிதாகக் கண்டுபிடிப்பதுதான் அறிவியல் என்று நினைத்தவர்களும் உண்டு. மார்கரெட் அதைப் பொருட்படுத்தவில்லை. அட்லஸ், ஒவ்வொரு பதிப்பிலும் பெருத்துக்கொண்டே போயிற்று.

அதற்காக அவர் செய்த இன்னொரு வேலை, இன்றும் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. அப்போது, ஒவ்வொரு அமினோ அமிலத்தையும் மூன்று ஆங்கில எழுத்துகளால் குறிப்பார்கள். இன்சுலினை எழுத, 153 எழுத்துகள் வேண்டும். கம்ப்யூட்டரில் இடமோ மிகக் குறைவு. எனவே, ஓர் அமிலத்துக்கு ஓர் எழுத்து போதும் என்று முடிவு செய்தார். அலனினுக்கு 'ஏ'. ஃபினைல் அலனின் என்று சொல்லும்போது, 'எஃப்' ஓசை கேட்கிறதே... அதற்கு 'எஃப்'. டிரிப்டோஃபான், இரட்டை வளையம் கொண்ட பருத்த அமிலம். அதற்கு அகலமான 'டபிள்யூ'! இப்படி, நினைவில் நிற்கும்படி எழுத்துகளைப் பொருத்தினார். இன்சுலின், 51 எழுத்துகளில் அடங்கிவிட்டது.

குதிரையும் நாமும் உறவு!

எல்லா வரிசைகளும் ஓரிடத்துக்கு வந்ததும், வியப்பான செய்திகள் வெளிப்பட்டன.

சைட்டோகுரோம் சி என்று ஒரு புரதம். நம் உடம்பில், 104 மணிகள் கொண்டது. மூச்சுவிடும்போது நாம் உள்ளே இழுக்கும் ஆக்சிஜனிலிருந்து உடம்பு ஆற்றல் பெற, இது உதவுகிறது. குரங்கிலும் இருக்கிறது, குதிரையிலும் இருக்கிறது, ஏன், மாவைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட்டிலும் இருக்கிறது! நமக்கும் சிம்பன்சிக்கும் ஒரு மணிகூட மாறவில்லை. ரீசஸ் குரங்கோடு ஒப்பிட்டால், ஒரே ஒரு மணி வித்தியாசம். குதிரையோடு 12. ஈஸ்ட்டோடு ஒப்பிட்டால், 40-க்கும் மேல். நெருங்கிய உறவென்றால் வித்தியாசம் குறைவு. தூரத்து உறவென்றால் அதிகம். எழுத்துகளை எண்ணியே, உயிர்களின் குடும்ப மரத்தை வரைந்துவிடலாம்!

அப்படித்தான் வரைந்தார் மார்கரெட். எந்த மணி எந்த மணியாக எளிதில் மாறுகிறது, எது அரிதாக மாறுகிறது என்று கணக்கெடுத்து, 1978-ல் ஓர் அட்டவணை வெளியிட்டார். இரண்டு புரதங்கள் உறவா, இல்லையா என்று மதிப்பெண் போட உதவும் அட்டவணை அது. தாவர இலையின் பச்சையத்தைத் தாங்கி நிற்கும் நுண்ணுறுப்புகள், ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியாக்களிலிருந்து வந்தவை என்ற கருத்துக்கும், அவரது குழுவின் ஆய்வு வலு சேர்த்தது.

அதே காலகட்டத்தில், நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில், ஜி.என்.ராமச்சந்திரன் என்ற விஞ்ஞானி, புரத மாலை எப்படியெல்லாம் வளையலாம், எப்படி வளைய முடியாது என்று 1963-ல் கணக்கிட்டுச் சொன்னார். அவர் பெயரால், 'ராமச்சந்திரன் வரைபடம்' என்று உலகமே அழைக்கிறது. ஒருவர் வரிசையைச் சேர்த்தார். இன்னொருவர் வடிவத்தைச் சொன்னார்.

பூட்டா, திறப்பா?

இனிதான் கதையில் ஒரு சிக்கல் வருகிறது.

சாங்கரும் மற்ற விஞ்ஞானிகளும், 1977-ல் டி.என்.ஏ.,வின் எழுத்துகளை வேகமாகப் படிக்கும் வழிகளைக் கண்டுபிடித்தனர். எழுத்துகள் வெள்ளம் போல வரத் தொடங்கின. புத்தகம் அச்சிட்டு முடிப்பதற்குள், அது பழசாகிவிடும். எனவே மார்கரெட்டின் குழு, 1980-ல் ஒரு புது வசதி செய்தது. வேறு ஊரில் இருப்பவர்கள், தொலைபேசிக் கம்பி வழியாகத் தங்கள் கம்ப்யூட்டரை இணைத்து, களஞ்சியத்தில் தேடிப் பார்க்கலாம். இன்டர்நெட் வீட்டுக்கு வீடு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்!

ஆனால், இத்தனை வேலைக்கும் பணம் வேண்டுமே... அரசு தந்த உதவி போதவில்லை. அதனால் அட்லஸை விலைக்கு விற்றனர். கம்ப்யூட்டர் நாடாவில் பதிந்து கொடுத்த தகவலுக்கும் கட்டணம் வாங்கினர். வாங்கியவர்கள் அதைப் பிறருக்குக் கொடுக்கக்கூடாது என்றும் நிபந்தனை வைத்தனர்.

விஞ்ஞானிகள் பலருக்கு இது பிடிக்கவில்லை. நாங்கள் கண்டுபிடித்து வெளியிட்ட வரிசையை, நாங்களே காசு கொடுத்து வாங்குவதா என்று கேட்டனர். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த களஞ்சியம், பணமில்லாமல் நின்றுவிடக்கூடாது என்ற மார்கரெட்டின் கவலையிலும் நியாயம் இருந்தது.

டி.என்.ஏ., எழுத்துகளுக்கு ஒரு தேசியக் களஞ்சியம் தொடங்க, அமெரிக்க அரசு முன்வந்தது. அந்தப் பொறுப்புக்கு மார்கரெட்டின் குழு போட்டியிட்டது. வால்டர் கோட் என்பவர் தலைமையில், லாஸ் அலமாஸ் ஆய்வகக் குழுவும் போட்டியிட்டது. எல்லாவற்றையும் எல்லாருக்கும் தடையின்றித் தருவோம், எங்களுக்கென்று எந்த உரிமையும் கோர மாட்டோம் என்றனர் அந்தக் குழுவினர். 1982-ல், வாய்ப்பு அவர்கள் பக்கம் போய்விட்டது. அந்தக் களஞ்சியம்தான் ஜென்பேங்க். அந்த ஆண்டு டிசம்பரில், அதில் இருந்தவை 606 வரிசைகள்.

சில மாதங்களுக்குள், 1983-ம் ஆண்டு பிப்ரவரி 5-ம் தேதி, மாரடைப்பால் காலமானார் மார்கரெட். அப்போது அவருக்கு வயது 57. இருபது ஆண்டுகளுக்கு மேல் எழுத்து எழுத்தாகச் சேர்த்தவருக்கு, பெரிய களஞ்சியத்தின் சாவி கிடைக்காமலே போயிற்று.

ஆனால், அவர் தோற்றுப்போனார் என்று நினைத்துவிடாதீர்கள். அவரது புரதத் தொகுப்பு, அவருக்குப் பின்னும் வளர்ந்தது. 2002-ல், ஐரோப்பியத் தொகுப்புகளோடு இணைந்து, 'யூனிபுராட்' என்ற களஞ்சியமானது. அதையும் இன்று யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். அவர் தந்த ஒற்றை எழுத்துகளைத்தான் உலகம் முழுவதும் எழுதுகின்றனர். அவர் பெயரால், 1984 முதல், இளம் பெண் விஞ்ஞானிகளுக்கு அமெரிக்க உயிர் இயற்பியல் சங்கம் விருது வழங்குகிறது.

திறந்து வைத்ததால் வந்த நன்மை!

கொரோனா காலம் உங்களுக்கு நினைவிருக்கலாம். அல்லது, அப்பா, அம்மா சொல்லியிருப்பார்கள். 2020 ஜனவரியில், அந்த வைரஸின் மரபணு வரிசையைச் சீன விஞ்ஞானிகள் படித்து முடித்தனர். மொத்தம் 29,903 எழுத்துகள். ஜனவரி இரண்டாம் வாரத்தில், உலகமே பார்க்கும்படி வெளியிடப்பட்டது; ஜென்பேங்க்கிலும் சேர்ந்தது. பல நாட்டு விஞ்ஞானிகள், வைரஸ் தங்கள் ஊருக்கு வரும் முன்பே, எழுத்துகளை மட்டும் எடுத்து, நோயைக் கண்டறியும் சோதனையைத் தயாரித்தனர். சில தடுப்பூசிகளின் வடிவமைப்பும், சில நாட்களிலேயே தொடங்கிவிட்டது. அந்த எழுத்துகளைப் பூட்டி வைத்திருந்தால், இன்னும் எத்தனை பேரை இழந்திருப்போமோ!

இன்று அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் ஆகிய மூன்று இடங்களிலும் உள்ள களஞ்சியங்கள், தங்களுக்குள் தகவல்களைப் பகிர்ந்துகொள்கின்றன. ஓரிடம் பழுதானாலும், மற்ற இடங்களில் பத்திரமாக இருக்கும். பல லட்சம் கோடி எழுத்துகள் அவற்றில் உள்ளன. நம் நாட்டிலும், ஹரியானா மாநிலம் ஃபரிதாபாத்தில், இந்திய உயிரியல் தகவல் மையம் 2022-ல் தொடங்கப்பட்டது.

எப்படி எடுத்துப் பார்ப்பது?

நூலகத்தில், ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் எண் போட்டிருப்பார்கள் அல்லவா? அதைப் போல, களஞ்சியத்தில் சேரும் ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் அடையாள எண் உண்டு. பள்ளிக் கம்ப்யூட்டரில், ஆசிரியரின் உதவியோடு, ஜென்பேங்க் பக்கத்தைத் திறந்துகொள்ளுங்கள். தேடும் கட்டத்தில், எம்.என்.908947 என்று, ஆங்கில எழுத்தில், புள்ளியும் இடைவெளியும் இல்லாமல் அடியுங்கள். கொரோனா வைரஸின் பக்கம் வந்து நிற்கும்.

அதில், ஃபாஸ்டா என்ற வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். முதல் வரி, கணக்குப் பாடத்தில் வரும் 'பெரியது' குறியோடு தொடங்கும். அதில் பெயரும் எண்ணும் இருக்கும். அதற்குக் கீழே, வரிசையாக எழுத்துகள். அவ்வளவுதான்! கொரோனா வைரஸின் மரபுச் செய்தி டி.என்.ஏ.,வில் இல்லை, ஆர்.என்.ஏ.,வில் இருக்கிறது, ஆனாலும், களஞ்சியத்தில் அதே நான்கு எழுத்துகளால்தான் எழுதி வைத்திருப்பார்கள்.

எண் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. மீனின் அறிவியல் பெயரை அடித்தும் தேடலாம். கையில் ஒரு வரிசை இருக்கிறது, அது எந்த உயிருடையது என்று தெரியவில்லை என்றால், அதை அப்படியே கொடுத்து, ஒத்துப்போகும் வரிசையைத் தேடச் சொல்லலாம். வலையில் சிக்கிய மீன் எந்த இனம் என்று சந்தேகம் வந்தால், விஞ்ஞானிகள் செய்வது இதைத்தான். பரங்கிப்பேட்டை நெத்திலியின் எழுத்துகளும், அப்படித்தான் யாரோ ஒருவருக்கு எங்கோ உதவிக்கொண்டிருக்கும்.

வெள்ளாற்றிலும், அதை ஒட்டிய கடலிலும், பிச்சாவரம் சதுப்புக் காட்டிலும், எழுத்து படிக்கப்படாத உயிர்கள் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. பெரியவர்களானதும், உங்களில் ஒருவர் அவற்றைப் படிக்கலாம். படித்ததும், மறக்காமல் பொதுக் களஞ்சியத்தில் சேர்த்துவிடுங்கள். எல்லாரும் எடுத்துப் படிக்கும் சுவடியைக் கரையான் நெருங்காது, குட்டீஸ்!